தோல் கம்பெனிக்கு ஈஆர்பி: கையெழுத்துப் போடுமுன் எந்த வகை வேலை என்று பிரியுங்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஒரு தோல் கம்பெனி "சாஃப்ட்வேர் போடப் போகிறோம்" என்றால் அது பல வேலைகளில் எதுவாகவும் இருக்கலாம். புதிதாக ஈஆர்பி (ஸ்டோர் முதல் கணக்கு வரை எல்லாப் பிரிவையும் இணைக்கும் மென்பொருள்) நிறுவலாம், பழையதிலிருந்து மாறலாம், பதிப்பை உயர்த்தலாம், ஒரு யூனிட்டில் ஓடுவதை அடுத்ததற்குக் கொண்டுபோகலாம், வெளி அமைப்புகளோடு இணைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் காலமும் ஆளும் வேறு. எந்த வகை என்று எழுத்தில் இல்லாமல் கொட்டேஷன் வாங்கினால், பாதி வழியில் "இது எங்கள் ஸ்கோப்பில் இல்லை" என்ற பதில்தான் வரும்.

புதிதாக நிறுவுவதுதான் பெரிய வேலை. டெமோ பார்ப்பதற்கு முன்பே ஸ்டோர், செலக்‌ஷன் (தரம் பிரிப்பு), அளவு மெஷின், ஷிப்பிங், கணக்கு என ஒவ்வொரு இடத்திலும் ஒருவரோடு உட்காருங்கள். பச்சைத்தோல் உள்ளே வருவதிலிருந்து பார்சல் போகும்வரை எந்தத் தாள் யார் கைக்குப் போகிறது என்று ஒரே சார்ட்டில் வரையுங்கள். அடுத்து ஐட்டம் கோடு. நிறம், கனம், செலக்‌ஷன் எல்லாவற்றையும் கோடுக்குள் திணித்தால் ஒரே சரக்குக்கு நூற்றுக்கணக்கில் கோடு பெருகிவிடும். கோடு சின்னதாக இருக்கட்டும். 1.2–1.4 மி.மீ. கனம் என்பதெல்லாம் தனிப் புலமாக நிற்கட்டும்.

தோல் தொழிலில் ஈஆர்பி பெரும்பாலும் தடுக்கி விழுவது அளவில்தான். பச்சைத்தோலும் வெட் புளூவும் (குரோமில் பதனிட்ட ஈரத்தோல்) பீஸாகவோ எடையாகவோ வரும். ஃபினிஷ் ஆனதும் சதுர அடியில் விற்கிறோம். சில வெளிநாட்டு வாங்குவோர் சதுர டெசிமீட்டரில் கேட்பார்கள். 1 சதுர அடி 9.29 சதுர டெசிமீட்டர். இந்தக் கணக்கு மாறாது. ஆனால் பீஸுக்கு எத்தனை அடி என்பது தோலுக்குத் தோல் மாறும். ஆட்டுத்தோலுக்கு 5 சதுர அடி என்று மாஸ்டரில் (மென்பொருளின் அடிப்படைப் பட்டியலில்) நிலையாகப் போட்டுவிட்டால், 1,000 பீஸ் லாட்டை மென்பொருள் 5,000 அடி என்று காட்டும். அளவு மெஷினில் 4,870 வந்தால் இல்லாத 130 அடி ஸ்டாக்கில் தொங்கும். இருபது லாட்டில் அது 2,600 அடி. போதாததற்கு, டாகிள் அடிக்கும்போது (தோலை இழுத்து கிளிப் மாட்டிக் காயவைக்கும்போது) பரப்பு கூடும், டிரிம்மிங்கில் குறையும். அதனால் லாட்டுக்கு லாட் பீஸும் அடியும் இரண்டுமே பதிவாக வேண்டும். ஒன்றிலிருந்து மற்றதை மென்பொருள் தானாகக் கணக்கிடக் கூடாது. டெமோவில் முதலில் இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். அது முடியாத மென்பொருள் நம் தொழிலுக்கு ஆகாது.

ஜாப் வொர்க்கையும், அதாவது வெளியே கொடுத்துச் செய்விக்கும் வேலையையும், அப்போதே சோதியுங்கள். அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்க வெளியே அனுப்பும் தோலுக்கு டெலிவரி சலான் வேண்டும், அது ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும், ஐடிசி-04 என்ற ஜிஎஸ்டி படிவத்தில் காட்ட வேண்டும். சலான் வாரியாக வெளியே நிற்கும் மீதியும் நாள் கணக்கும் ஒரே ரிப்போர்ட்டில் வரவேண்டும்.

டேலியிலிருந்து மாறுவது அடுத்த வகை. பழைய வவுச்சர் முழுவதையும் இழுத்து வர ஆசைப்படாதீர்கள். பில் வாரியான பாக்கி, முடியாத ஆர்டர், லாட் வாரியான ஸ்டாக் மூன்றும் போதும். பழைய டேட்டாவைப் பார்க்க மட்டும் அனுமதி வைத்துக் காப்பாற்றுங்கள். கம்பெனிச் சட்டப்படி கணக்கை எட்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். மாறும் நாள் ஏப்ரல் 1 என்றால் நல்லது. நடு ஆண்டில் மாறினால் இன்வாய்ஸுக்குப் புது வரிசை தொடங்குங்கள், எண் 16 எழுத்துக்குள் அடங்கவேண்டும். ஸ்டாக் எண்ணும் அன்று எல்லோரும் மறப்பது பதனிடும் டிரம்முக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் தோலை. முந்தைய நாளே புது டிரம் ஏற்றுவதை நிறுத்துங்கள், ஓடுவதற்கு லாட் கார்டைப் பார்த்து எழுதுங்கள்.

பதிப்பு உயர்த்துவது வெளியே சின்னதாகத் தெரியும். எஸ்ஏபி நிறுவனத்தின் பழைய ஈஆர்பியான இசிசி-யின் வழக்கமான பராமரிப்பு 2027 இறுதியோடு முடிவதால் பல இடங்களில் இந்தப் பேச்சு இருக்கிறது. உங்களுக்கென்று எழுதிய மாற்றங்களைப் பட்டியலிட்டு, யாரும் தொடாததை விட்டுவிடுங்கள். நகல் சர்வரில் ஒரு மாதக் கணக்கை ஓட்டிப் பார்க்காமல் நேரடியாக ஏற்றாதீர்கள்.

இரண்டாவது யூனிட்டுக்கு விரிப்பதில் மென்பொருள் வேலை குறைவு, ஆட்களைப் பழக்குவதுதான் அதிகம். அங்கே கெமிக்கல் பெயரும் செலக்‌ஷன் பெயரும் வேறாக இருக்கும். முதலில் அதை ஒன்றாக்குங்கள்.

வெளி அமைப்புகளோடு இணைப்பதில் முதலிடம் இ-இன்வாய்ஸுக்கு, அதாவது பில்லை ஜிஎஸ்டி இன்வாய்ஸ் போர்ட்டலில் பதிவேற்றுவதற்கு. ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டினால் 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயம். ஏற்றுமதி இன்வாய்ஸும் இதில் சேரும். 10 கோடிக்கு மேல் என்றால் 30 நாளுக்குள் பதிவேற்ற வேண்டும். போர்ட்டல் நின்ற நேரத்தில் பில்கள் வரிசையில் காத்திருந்து பிறகு தானாகப் போகிறதா, நிராகரித்த பில் யார் திரையில் தெரிகிறது என்று கேளுங்கள். அது கணக்குப் பிரிவில் மட்டும் தெரிந்து ஷிப்பிங்கில் தெரியாவிட்டால் கன்டெய்னர் கேட்டிலேயே நிற்கும்.

எந்த வகையானாலும் ஒப்பந்தத்தில் மூன்று வரி கட்டாயம் இருக்கட்டும்: டேட்டா உங்களுடையது, கேட்டால் எக்செல்லில் முழுதாகத் தரவேண்டும், பேக்கப்பை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறு கணினியில் திறந்து காட்டவேண்டும்.