விசாரணை ஆணையத்தின் சம்மன் வந்திருக்கிறதா? உங்களையே மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்லும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் சம்மனில் எந்தச் சட்டத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். '1952 விசாரணை ஆணையச் சட்டம்' என்று இருந்தால் உங்களுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. 2013-ல் இளவரசன் மரணத்தை விசாரிக்கத் தருமபுரிக்கு ஓய்வுபெற்ற நீதிபதி சிங்காரவேலுவைப் போட்டார்களே, அந்த மாதிரி அரசு அமைக்கும் ஆணையம். ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை, அரசு ஊழியர்மேல் 'பதினேழு பி' விதிப்படி நடக்கும் துறை விசாரணை என்றால் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. அமெரிக்காவில் 1970-ல் வந்த சட்டப்படி, அட்டர்னி ஜெனரல் ஒப்புதலோடு ஒரு அரசு அமைப்பே சாட்சிக்கு, அவர் சொல்வதை அவர்மேலேயே பயன்படுத்த மாட்டோம் என்ற விலக்கு கொடுத்துப் பேச வைக்கலாம், இங்கே ஆர்.டி.ஓ.வுக்கோ துறை விசாரணை அதிகாரிக்கோ அந்த அதிகாரம் இல்லை. அதனால் "பயப்படாம சொல்லுங்க, உங்க மேல கேஸ் வராது" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் தயவுசெய்து நம்பிவிடாதீர்கள்.

சரி, ஆணையச் சட்டத்தின் 6-வது பிரிவு என்ன தருகிறது? கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் லாரி ஓட்டுகிறவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். நடைச்சீட்டு (கல் ஏற்றிச் செல்வதற்கான அனுமதிச் சீட்டு) இல்லாமல் எத்தனை லோடு அடித்தாய் என்று ஆணையம் கேட்கிறது, அவரும் உள்ளதைச் சொல்லிவிடுகிறார். அந்த வாக்குமூலத்தை அவர்மேல் எந்த சிவில், கிரிமினல் வழக்கிலும் பயன்படுத்த முடியாது. பின்னால் நடக்கும் வழக்கில் அதைக் காட்டிக் குறுக்கு விசாரணை செய்யக்கூடக் கூடாது என்று 1988-ல் இந்திரா காந்தி கொலை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பொய் சொன்னால் மட்டும் பொய் சாட்சி வழக்கு வரும், அந்த வழக்குக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

ஆனால் காப்பாற்றப்படுவது அந்த வாக்குமூலம்தான், லாரிக்காரர் செய்த காரியம் இல்லை. சோதனைச்சாவடிப் பதிவேடு, குவாரிக் கணக்கு என்று வேறு ஆதாரம் கிடைத்தால் வழக்கு வரத்தான் செய்யும். அதேபோல, உள்ளே சொன்னதையே வெளியே வந்து டீக்கடையிலோ மைக் நீட்டும் நிருபரிடமோ சொன்னால் அதற்கு இந்தப் பிரிவு உதவாது. பலர் வழுக்குவது இங்கேதான்.

ஆணையத்தில் பேசும்போது கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஆணையம் கேட்டு நீங்கள் சொல்லியாக வேண்டிய பதிலுக்கும், விசாரணைப் பொருளோடு சேர்ந்த பேச்சுக்கும்தான் பாதுகாப்பு; பக்கத்து நிலத் தகராறை நீங்களாக இழுத்தால் அது பாதுகாப்புக்கு வெளியே போய்விடும். சிக்கலான கேள்வி வந்தால் "ஆணையம் பதில் சொல்லச் சொல்வதால் சொல்கிறேன்" என்று சொல்லி, அதையும் பதிவு செய்யக் கேளுங்கள். ஆணையத்தின் அனுமதியோடு வக்கீல் வைத்துக்கொள்ளலாம். போகாமல் இருந்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், ஆளை வரவழைக்க சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் ஆணையத்துக்கும் உண்டு.

அப்புறம், பதிவான வாக்குமூலம் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், நீங்கள் சொன்னதுதான் அதில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.