ரோஜா, அடீனியம் தண்டு நோய்: வழக்கமாக நடக்கும் தவறுகள்

ரோஜாக் கிளையின் நுனி கறுத்து, அந்தக் கறுப்பு மெல்ல மெல்லக் கீழே இறங்க ஆரம்பித்தால் பெரும்பாலானோர் நேராக உரக்கடைக்குத்தான் போகிறார்கள். "ரோஜா காயுது, ஏதாவது மருந்து கொடுங்க" என்று கேட்டு, கிடைத்ததை வாங்கி வந்து தெளிக்கிறார்கள். கிளை தொடர்ந்து காய்கிறது. மருந்து போலி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பாவம், மருந்து என்ன செய்யும்? செத்துப்போன தண்டுக்கு எந்த மருந்தும் உயிர் கொடுக்காது. இது பூசண நோய்; கார்பென்டசிம் போல ஊடுருவிப் பாயும் பூசணக்கொல்லிகூடச் செடிக்குள் நீரோட்டத்தோடு பெரும்பாலும் மேல்நோக்கித்தான் போகும். நுனியில் தெளித்துவிட்டு, கீழே இறங்கிக்கொண்டிருக்கும் பூசணத்தை அது துரத்திப் பிடிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இங்கே முதல் வேலை கத்தரிக்கோலுக்கு.

அதிலும் தவறுகள் உண்டு. கறுத்த பகுதியை மட்டும் நறுக்கிவிட்டு நிம்மதியாக இருப்பது முதல் தவறு. வெளியே பட்டை பச்சையாகத் தெரியும் இடத்திலும் உள்ளே பூசணம் இறங்கியிருக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வந்து, ஒவ்வொரு வெட்டுக்கும் குறுக்கு முகத்தைப் பாருங்கள். நடுவில் பழுப்பு தெரிந்தால் இன்னும் கீழே போக வேண்டும். முழுக்க வெண்மையாகத் தெரிந்த பிறகும் ஐந்து சென்டிமீட்டர் தள்ளி, துளிர் கிளம்பும் ஒரு மொட்டுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுவது நல்லது. மொட்டுக்கு மேலே நீளமாகக் குச்சியை விட்டால் அது காயும். காய்ந்த குச்சிதான் நோய் மறுபடி உள்ளே வரும் வழி. பூப்பறிக்கும்போது காம்பைப் பிய்த்து இழுப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது.

ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் கத்தரிக்கோலை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். பலருக்கு இது அலுப்பு. ஆனால் துடைக்காத கத்தரிக்கோல்தான் ஒரு தொட்டியின் நோயை அடுத்த தொட்டிக்குக் கொண்டுபோகிறது. வெட்டிய குச்சிகளைச் செடியின் அடியிலேயே மூடாக்காகப் போட வேண்டாம், உரக்குழியிலும் சேர்க்க வேண்டாம்.

தமிழ்நாட்டுச் சமவெளியில் ரோஜாவைக் கவாத்து செய்யச் சொல்வது அக்டோபர், நவம்பர் மாதங்களில். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். தூறலில் வெட்டினால் காயம் ஆறுவதற்குள் பூசணம் குடியேறிவிடும். இரண்டு மூன்று நாள் வெயில் தொடர்ந்து அடிக்கும் இடைவெளி பார்த்து வெட்டுங்கள். வெட்டிய அன்றே வெட்டுவாயில் போர்டோ பசை பூசிவிடுங்கள். வீட்டுக்கு வேண்டிய அளவில் செய்ய, 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரிலும் 100 கிராம் சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்பு வாளி ஆகாது, பிளாஸ்டிக் வாளிதான். பளபளப்பான இரும்புக் கத்தியைக் கொஞ்ச நேரம் அதில் முக்கிப் பாருங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். கலக்கியதை அன்றே பயன்படுத்திவிட வேண்டும். இதற்கெல்லாம் பொறுமை இல்லையென்றால் கடையில் கிடைக்கும் செம்புப் பூசணக்கொல்லியான காப்பர் ஆக்ஸிகுளோரைடைக் குழைத்துத் தடவலாம். மஞ்சள்தூள் வைப்பதால் கெடுதல் இல்லை. அதை மட்டும் நம்பி இருப்பதுதான் கெடுதல்.

சரி, காய்கிற தண்டெல்லாம் நோய்தானா? இல்லை. தண்டில் சிறு ஓட்டையும் கீழே மரத்தூளும் இருந்தால் அது துளைப்பான் புழு. பட்டை மேல் செதில் செதிலாக ஒட்டி, நகத்தால் சுரண்டினால் உதிர்ந்து வந்தால் செதில் பூச்சி. இரண்டுக்கும் பூசணக்கொல்லி தெளிப்பது காசுக்குக் கேடு. ஓட்டை, செதில் எதுவும் இல்லையென்றால் பட்டையை நகத்தால் லேசாகக் கீறுங்கள். அடியில் பச்சை தெரிந்தால் அந்த இடத்தில் உயிர் இருக்கிறது.

பாலைவன ரோஜா எனப்படும் அடீனியத்தில் நடக்கும் தவறு வேறு மாதிரி. இலை மஞ்சளாகி உதிரும், பருத்த அடித்தண்டு மெத்தென்று ஆகும். தாகம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் ஊற்றுவார்கள். ஏற்கெனவே அழுகிக்கொண்டிருந்தால் செடி அதோடு முடிந்தது. விரலால் அழுத்திப் பாருங்கள். தண்டு முழுக்க ஒரே சீராகச் சுருங்கித் தளர்ந்திருந்து, மண்ணும் காய்ந்திருந்தால் தாகம். ஒரே இடத்தில் கொழகொழவென்று அமுங்கி, நிறம் மாறி, நாற்றம் வந்தால் அழுகல். உடனே தொட்டியிலிருந்து எடுத்து, வெள்ளைச் சதை தெரியும்வரை செதுக்கி, நிழலில் ஒரு வாரமாவது காயவிட்டு, மணல் அதிகம் சேர்த்த புதுக் கலவையில் நடுங்கள். அதன் பால் நச்சு, கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

மண்ணைத் தண்டோடு அணைத்துக் குவிப்பதும், சாணத்தையும் மூடாக்கையும் தண்டில் ஒட்டிப் போடுவதும் கழுத்தழுகலுக்கு, அதாவது தண்டு மண்ணைத் தொடும் இடம் அழுகுவதற்கு, அழைப்பு. செவ்வந்தி, மல்லிகை போன்றவற்றின் அடித்தண்டில் வெள்ளை இழையும் கடுகு போன்ற பழுப்பு உருண்டைகளும் தெரிந்தால் அந்தத் தொட்டி மண்ணை வேறு தொட்டியில் கொட்டாதீர்கள். அந்தப் பூசண உருண்டைகள் வருடக்கணக்கில் மண்ணில் உயிரோடு கிடக்கும். அவற்றைச் சூட்டில் கொல்ல, கோடையில் மண்ணை நனைத்து, ஒளி ஊடுருவும் பாலிதீன் தாளால் இறுக மூடி நான்கு முதல் ஆறு வாரம் வெயிலில் வைக்கலாம். கறுப்புத் தாளில் அந்த அளவுக்குச் சூடு மண்ணுக்குள் இறங்காது.

அப்புறம், நோய்ப் பூசணத்தை அடக்க மண்ணில் ட்ரைக்கோடெர்மா போட்ட அதே வாரத்தில் கார்பென்டசிம் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ட்ரைக்கோடெர்மாவும் ஒரு பூசணம்தான்; காசு கொடுத்து வாங்கியதைக் காசு கொடுத்தே கொல்கிறோம். மாடித்தோட்டத்தில் ரோஜாவுக்குப் பக்கத்திலேயே கறிவேப்பிலையும் கீரையும் இருக்கும். மருந்து தெளிக்கும் முன் ரோஜாத் தொட்டியைத் தள்ளி வைத்துவிடுங்கள்.

ஒட்டு ரோஜாவில் கருகல் ஒட்டுப்போட்ட முடிச்சையும் தாண்டிக் கீழே இறங்கிவிட்டால் விட்டுவிடலாம். அதன்பின் அடியிலிருந்து செழிப்பாகத் துளிர் வந்தாலும் அது ஒட்டுக்கு அடியில் இருக்கும் வேர்ச்செடியின் துளிர். நீங்கள் வாங்கிய பூ அதில் வராது.