பிற்பகல் ஷிஃப்ட் முடிந்து வந்து போடும் ஃபொகாச்சா

வார்டில் என்னோடு வேலை பார்க்கும் இரண்டு பேர் போன மாதம் பிரெட் மெஷின் வாங்கினார்கள். இருவரும் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அக்கா, நீங்க கொண்டுவர்ற அந்த ரொட்டி எந்த பட்டன்ல வரும்?"

எந்த பட்டனிலும் முழுசாக வராது. மாவைப் பிசைய மட்டும்தான் மெஷின், சுடுவதற்கு அவன் என்கிற மின்சார அடுப்பு வேண்டும். மெஷினிலேயே சுட்டால் உயரமான சாண்ட்விச் ரொட்டிதான் கிடைக்கும். ஃபொகாச்சா தட்டையான ரொட்டி. இத்தாலியில் ஜெனோவா நகரமும் அதைச் சுற்றியுள்ள லிகூரியா கரையோரமும் இதற்குப் பேர்போன இடங்கள். அடுப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். அடியில் எண்ணெயில் பொரிந்த மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு, மேலே உப்புத் தண்ணீர் தேங்கிய குழிகள். இந்த மூன்றும் இருந்தால்தான் அது ஃபொகாச்சா.

எனக்கு மெஷின் ஏன் தேவைப்பட்டது என்றால், நோயாளிகளைத் தூக்கித் திருப்பியே பல வருஷம் ஓடிவிட்டது, வலது மணிக்கட்டு இப்போது பிசைவதற்கு ஒத்துழைப்பதில்லை. இந்த மாவில் தண்ணீர் அதிகம், கையெல்லாம் ஒட்டும். அதற்கு மெஷின் ரொம்ப நல்ல துணை.

23-க்கு 33 செ.மீ. தட்டு ஒன்றுக்கான அளவு இது. பிரெட் ஃபிளவர் 450 கிராம், தண்ணீர் 320 மில்லி, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம் (தலைதட்டி ஒரு தேக்கரண்டி), உப்பு 8 கிராம், ஆலிவ் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. தட்டில் ஊற்றவும் மேலே தெளிக்கவும் எண்ணெய் தனியாக வேண்டும். சாதாரண மைதாவில் புரதம் குறைவு. இவ்வளவு தண்ணீரை அது தாங்காது, கூழாகிவிடும். பை மேல் 'பிரெட் ஃபிளவர்' என்று போட்டிருப்பதையே வாங்குங்கள். மாவை அளக்க கப் வேண்டாம், தராசு வையுங்கள்.

இனி நான் அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயம். மெஷினோடு வரும் புத்தகங்கள் பல வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றச் சொல்லும். அது குளிர்நாட்டுக்குச் சரி. சிங்கப்பூரில் குழாயில் வருவதே வெதுவெதுப்புதான். போதாததற்கு, அரை மணி நேரம் பிசைவதிலேயே மாவு சூடேறும். முதல் தடவை நான் புத்தகத்தில் இருந்தபடியே செய்தேன். திரும்பி வந்து பார்க்கும்போது மாவு பொங்கி மூடியைத் தொட்டிருந்தது, திறந்தால் கள் வாடை. சுட்ட ரொட்டியிலும் அந்தப் புளிப்பு போகவில்லை. அதிலிருந்து ஃப்ரிட்ஜில் வைத்த தண்ணீர்தான். சில்லென்று இருக்கட்டும், பயப்பட வேண்டாம்.

ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வர இரவு பத்து ஆகிவிடும். குளிக்கப் போவதற்கு முன், மெஷினுக்குள் இருக்கும் பக்கெட்டில் முதலில் தண்ணீர், எண்ணெய், உப்பு, அதற்கு மேல் மாவு, மாவின் நடுவில் சின்னக் குழி பறித்து ஈஸ்ட். மாவு பிசைவதற்கான 'டோ' புரோகிராமை அழுத்துவேன். வீவக அடுக்குமாடி வீட்டில் அந்த நேரத்துக்கு கீழ்வீட்டுக்குச் சத்தம் கேட்கும் என்பதால் மெஷினுக்கு அடியில் ஈரத்துணி ஒன்றை மடித்துப் போட்டுவிடுவேன். பிசையும்போது அது நகர்ந்து விளிம்புக்கு வராமலும் இருக்கும்.

பத்து நிமிஷம் கழித்து மூடியைத் திறந்து பாருங்கள். சப்பாத்தி மாவு மாதிரி உருண்டையாக நிற்காது. பக்கெட்டின் அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு, பிளேடு சுற்றும்போது நீளமாக இழுபட்டு, திரும்ப ஒன்றுசேர வேண்டும். மழை நாட்களில் மாவே ஈரம் வாங்கியிருக்கும், அப்போது தண்ணீரில் 10 மில்லி குறைத்துக்கொள்வேன். ஒட்டுகிறதே என்று மாவை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். ரொட்டி கனத்துப்போவது அங்கேதான்.

பிசைவது நின்றதும் மெஷினை நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகு அது மாவைச் சூடாக்கிப் பொங்கவைக்கப் பார்க்கும், நம் ஊரில் அது தேவையில்லை. எண்ணெய் தடவிய டப்பாவில் மாவைக் கவிழ்த்து, பிளேடு மாவோடு வந்துவிட்டதா என்று பார்த்து, மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். 12 முதல் 18 மணி நேரம் வரை இருக்கலாம். குளிரில் மெதுவாகப் புளிப்பதால்தான் அந்த வாசனையே வருகிறது.

மறுநாள் காலை தட்டில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி மாவைக் கவிழுங்கள். இழுத்தால் சுருங்கும், விட்டுவிடுங்கள். இருபது நிமிஷம் கழித்துத் தானே படியும். மூடிவைத்து ஒன்றரை மணி நேரம். தட்டை அசைத்தால் மாவு தளதளவென்று ஆட வேண்டும், அதுதான் அடையாளம். கடிகாரத்தை நம்ப வேண்டாம்.

விரல்களில் எண்ணெய் தொட்டு, தட்டின் அடி தட்டுப்படும்வரை குத்துங்கள். 50 மில்லி தண்ணீர், அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் கலந்து மேலே ஊற்றுங்கள். குழிகளில் குளம் கட்டி நிற்கும், நிற்கட்டும். ஜெனோவாக்காரர்களின் வழக்கம் இது. அந்தத் தண்ணீர்தான் குழிகளை வெள்ளையாக, மெத்தென்று வைத்திருக்கிறது. இதன் மேல் ரோஸ்மேரி, இல்லாவிட்டால் மெல்லிசாக அரிந்த வெங்காயம். வெங்காய ஃபொகாச்சா அங்கேயும் உண்டு. கறிவேப்பிலை போடுவதானால் எண்ணெயில் புரட்டி கடைசி ஐந்து நிமிஷத்தில் மட்டும் தூவுங்கள், முன்னாலேயே போட்டால் கருகிக் கசக்கும்.

மேசை மேல் வைக்கும் சின்ன அவன்தான் என்னுடையது. 220 டிகிரியில் இருபது நிமிஷம் முன்கூட்டியே சூடாக்கி, தட்டைக் கீழ்த்தட்டில் வைத்து 22 முதல் 25 நிமிஷம். நடுவில் வைத்தால் மேலே சிவந்துவிடும், அடி வெளுத்தே இருக்கும். வெளியே எடுத்த கையோடு கம்பி வலைக்கு மாற்றுங்கள். தட்டிலேயே விட்டால் ஆவி பிடித்து அடி நமத்துப்போகும்.

அம்மாவுக்கு ஓரத்துண்டுதான் பிடிக்கும். ஜெனோவாவில் காலையில் இதைக் கப்புச்சினோவில் தோய்த்துச் சாப்பிடுவார்கள் என்று சொன்னேன். "நம்ம தேத்தண்ணி ஆகாதாம்மா?" என்று கேட்டுவிட்டு தோய்த்தார். ஆகும். உப்பும் இனிப்பும் சேர்ந்து நன்றாகவே இருக்கிறது. மீதியை அன்றைக்கே துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள், இங்கே இருக்கிற ஈரத்துக்கு மாலைக்குள் மொறுமொறுப்பு போய்விடும். எடுத்து 180 டிகிரியில் ஆறேழு நிமிஷம் காட்டினால் திரும்ப வரும். வார்டுக்கு நான் கொண்டுவருவது அப்படிச் சூடாக்கியதுதான்.