வாஷிங் மெஷின் கரண்ட் பில்: முதலில் எந்தக் குமிழைப் பார்ப்பது?

பினாங்கில் ஆயர் ஈத்தாம், ஃபார்லிம் பக்கம் ஃபிளாட்டுகளுக்கு மெஷின் பழுது பார்க்கப் போனால், பின்தகட்டைக் கழற்றுவதற்குள் ஒரு கேள்வி வந்துவிடும். "அண்ணே, முன்கதவு மெஷின் வாங்கினதிலேர்ந்து பில்லு ஏறிப்போச்சு. உள்ள ஏதும் கெட்டுப்போச்சா?" பெரும்பாலும் ஒன்றும் கெட்டிருக்காது. குமிழ் காட்டன் 60-இல் நிற்கும்.

நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் ஏறக்குறைய 28 டிகிரி. துவைப்புக்கு 15 லிட்டர் பிடிக்கிறது என்று வையுங்கள். அதை 60 டிகிரிக்குச் சூடாக்க அரை யூனிட்டுக்கு மேல் ஆகும். 40 என்றால் 0.2 யூனிட். 2025 ஜூலையில் வந்த கட்டணப்படி, மாதம் 1500 யூனிட்டுக்குள் உள்ள வீட்டுக்கு யூனிட் 44.43 சென் (மலேசியக் காசு), தள்ளுபடிக்கு முன். ஆக, 60-இல் ஓட்டும் ஒவ்வொரு தடவையும் 25 சென் சூட்டுக்கே போகிறது. டிரம்மைச் சுற்றும் மோட்டாருக்கு அவ்வளவு வேண்டாம். வேர்வைச் சட்டை, பள்ளிச் சீருடைக்குப் பச்சைத் தண்ணீரே போதும். எண்ணெய்க் கறைக்கு 40. நோயாளி படுத்த விரிப்புக்கு மட்டும் 60. ஆனால் வருடம் முழுக்கப் பச்சைத் தண்ணீரிலேயே ஓட்டினால் கதவு ரப்பரில் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். மாதம் ஒருமுறை துணியில்லாமல் சுடுநீரில் ஓட்டிவிடுங்கள். அந்த 25 சென்னுக்குக் கஞ்சத்தனம் வேண்டாம்.

பெரிய செலவு டிரையரில். ஒரு லிட்டர் ஈரத்தை ஆவியாக்கவே 0.65 யூனிட்டுக்குக் குறையாமல் வேண்டும். சாதாரண டிரையரில் வீணாகும் சூடு தனிக்கணக்கு. 5 கிலோ துணியை நிமிடத்துக்கு 800 சுற்றில் பிழிந்தால் மூன்றரை லிட்டர் அளவுக்கு ஈரம் தங்கும், 1400-இல் இரண்டரை. பிழியும் வேகத்தைக் கூட்டுவதற்கு ஆகும் கரண்ட் அற்பம், டிரையரில் மிச்சமாவது 30 சென். பட்டுக்கும் மெல்லிய துணிக்கும் வேகத்தைக் கூட்டாதீர்கள். துவைப்பதும் காய வைப்பதும் ஒன்றிலேயே நடக்கும் பல காம்போ மெஷின்கள் காய வைக்கும்போது குழாய்த் தண்ணீரையும் ஓடவிடும். அதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

செப்டம்பர், அக்டோபர் மழையில் என்ன செய்வது? யார்டில், அதாவது ஃபிளாட்டில் துணி காயப்போடும் இடத்தில், கொடியைக் கட்டி, கீழே நிற்கும் காற்றாடியைத் திருப்பி வையுங்கள். 50 வாட் காற்றாடி ஆறு மணி நேரம் ஓடினாலும் 13 சென்தான்.

புதிதாக வாங்கும்போது நட்சத்திரத்தை மட்டும் எண்ணாமல், லேபிளில் உள்ள வருட யூனிட்டை ஒரே கிலோ அளவுள்ள மெஷின்களுக்குள் ஒப்பிடுங்கள். நேரவாரிக் கட்டணத்துக்கு மாறியிருந்தால் வார நாளில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை மெஷினைத் தொடாதீர்கள். 10-க்கு மேல் போடலாமே என்றால், கீழ்வீட்டு ஆன்ட்டி கதவைத் தட்டுவார். சனி, ஞாயிறு நாள் முழுக்க மலிவுதான், அன்று மொத்தமாகப் போட்டுவிடுங்கள்.