மாடித் தொட்டியில் இரவு ராணி

கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த, என்றும் பசுமை மாறாத பூச்செடியான இரவு ராணியைச் சென்னையின் திருவொற்றியூர், ராயபுரம் பகுதி மாடிகளில் வளர்ப்போர் முதலில் கவனிக்க வேண்டியது தண்ணீரே. கடலோர ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு மண்ணில் தங்கி இலை விளிம்புகளைக் கருக்கிவிடும் என்பதால், குடிநீர் வாரியத் தண்ணீரையோ சேமித்த மழைநீரையோ, தொட்டியின் அடித்துளை வழியே வடியும்வரை தாராளமாக ஊற்ற வேண்டும்.

செம்மண், மணல், மக்கிய எரு ஆகியவை கலந்த 15 அங்குலத் தொட்டியில், பென்சில் பருமனுள்ள கிளையை நட்டால் எளிதில் வேர்விடும். பூக்கள் புதுத் தளிர்களில் வருவதால், ஒவ்வொரு பூப்பும் முடிந்தவுடன் கிளைகளை மூன்றில் ஒரு பங்கு தயங்காமல் வெட்டிவிடுங்கள்.

வெண்ணிறப் பழங்கள் உட்படச் செடி முழுவதும் நச்சுத்தன்மை கொண்டது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் பழங்களை உடனுக்குடன் அகற்றுவது கட்டாயம். இரவில் எழும் கடும் மணம் சிலருக்குத் தலைவலி தரக்கூடும் என்பதால், படுக்கையறைச் சன்னலருகே வைக்காதீர்கள்.