செக்யூரிட்டி அறையில் ஓர் அட்டை

அடுக்குமாடிக் குடியிருப்பின் செக்யூரிட்டி அறைச் சுவரில், கண்ணில் படும் உயரத்தில் ஓர் அட்டையை ஒட்டிவையுங்கள். முழு முகவரி, ஊருக்கே தெரிந்த ஓர் அடையாள இடம், ஆம்புலன்ஸ் எந்த கேட் வழியாக வரவேண்டும் என்ற மூன்றும் அதில் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

108-ஐ அழைத்தால் எந்த இடம் என்று சொல்லியாக வேண்டும். பதற்றத்தில் சொந்த வீட்டு முகவரியே குழறும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த காவலாளிக்கோ தெருப்பெயர்கூடத் தெரிந்திருக்காது. அட்டை இருந்தால் பார்த்துப் படித்துவிடலாம். அவர் வெளிமாநிலத்தவர் என்றால் அதே தமிழ் முகவரியை அவருக்குப் படிக்கத் தெரிந்த எழுத்திலும் எழுதிவையுங்கள் (இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்). பேசி முடித்ததும் கேட்டைத் திறந்துவைத்து, லிஃப்ட்டைத் தரைத்தளத்தில் நிறுத்திப் பிடித்துக்கொண்டால் மேலும் சில நிமிடங்கள் மிச்சம்.

விழுந்தவருக்கு நினைவும் மூச்சும் இல்லை, அருகில் காவலாளி மட்டுமே என்றால் கேட்டுக்கு ஓடக் கூடாது. செல்பேசியை ஸ்பீக்கரில் போட்டு 108-உடன் பேசிக்கொண்டே, மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை பலமாக அழுத்த வேண்டும். தீ விபத்து என்றால் லிஃப்ட் பக்கமே போக வேண்டாம்.