அமெரிக்க அரசும் தனிமனித உரிமைகளும்: மாணவர்கள் வழக்கமாகத் தவறும் இடங்கள்

தனியார் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர் சமூக ஊடகத்தில் தன் அரசியல் கருத்தை எழுதுகிறார். மறுநாள் வேலை போய்விடுகிறது. அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் அவருக்குத் தரும் பேச்சுரிமை மீறப்பட்டதா? அமெரிக்க அரசியலமைப்பைப் படிக்கத் தொடங்கிய மாணவர்களில் பலர் யோசிக்காமல் ‘ஆமாம்’ என்று எழுதிவிடுவார்கள். சரியான பதில் ‘இல்லை’. சில மாநிலங்களின் தொழிலாளர் சட்டங்கள் அவருக்குக் கைகொடுக்கலாம். முதல் திருத்தம் கைகொடுக்காது. பேச்சு, பத்திரிகை, மதம், கூட்டம் கூடுதல், முறையிடுதல் ஆகியவற்றில் கைவைத்துக் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், சட்டம் இயற்றக் கூடாது என்றுதான் அது சொல்கிறது. கம்பெனியைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

இந்தப் பாடத்தில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன. உரிமைகளின் பட்டியலை மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். அந்த உரிமை யாருடைய கையைக் கட்டுகிறது என்று கேட்பதில்லை. அமெரிக்க அரசியலமைப்பு உரிமைகள் ஏறக்குறைய எல்லாமே அரசைத் தடுக்கும் வேலிகள். அடிமைமுறையை ஒழித்த 13ஆம் திருத்தம் முக்கியமான விதிவிலக்கு. அது தனியாரையும் கட்டும். மற்றபடி ஒரு கேள்வியைப் பார்த்ததும் முதலில் தேட வேண்டியது, இதைச் செய்தது யார் என்பதைத்தான். போலீஸ், நகராட்சி, அரசுப் பள்ளி, மாநிலப் பல்கலைக்கழகம் என்றால் அரசு. மால், தனியார் பள்ளி, இணைய நிறுவனம் என்றால் பெரும்பாலும் அரசு அல்ல.

அப்படியென்றால் ஓட்டல்காரர் ஒருவர் நிறம் பார்த்து அறை மறுத்தால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு நிலையான விடை காண அமெரிக்கா 1883 முதல் 1964 வரை 81 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. விடுதி, ரயில், நாடக அரங்கு ஆகியவற்றில் இனப் பாகுபாடு கூடாது என்று 1875இல் காங்கிரஸ் சட்டம் போட்டது. 14ஆம் திருத்தம் மாநில அரசுகளைத்தான் கட்டுப்படுத்துகிறது, தனியாரை அல்ல என்று சொல்லி 1883இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. ஒன்பது பேரில் நீதிபதி ஹார்லன் ஒருவர்தான் எதிர்த்து எழுதினார். 1964இல் குடியியல் உரிமைகள் சட்டம் வந்தபோது காங்கிரஸ் வேறு வழியில் போனது: மாநிலங்களுக்கு இடையேயான வணிகத்தை ஒழுங்குபடுத்த அரசியலமைப்பு தனக்குத் தந்திருக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்தியது. அட்லான்டாவில் ஒரு மோட்டல் வழக்குப் போட்டது. அங்கே தங்குபவர்களில் முக்கால்வாசிப் பேர் வெளிமாநிலத்தவர்கள்; ஆகவே அது மாநிலங்களுக்கு இடையேயான வணிகம்தான் என்று நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லி அதே ஆண்டு டிசம்பரில் சட்டத்தை நிலைநிறுத்தியது. எனவே ஓட்டல் வழக்குக்கு ‘14ஆம் திருத்தம் மீறப்பட்டது’ என்று எழுதினால் மதிப்பெண் போகும். ‘1964 சட்டம் மீறப்பட்டது; அந்தச் சட்டம் வணிக அதிகாரத்தில் நிற்கிறது’ என்று எழுத வேண்டும்.

எந்த அரசு?

‘அரசுதான் செய்தது’ என்று கண்டுபிடித்த பிறகும் வேலை முடியவில்லை. அமெரிக்காவில் அரசு ஒன்றல்ல. வாஷிங்டனில் ஃபெடரல் அரசு, அதாவது மத்திய அரசு. அப்புறம் 50 மாநில அரசுகள், ஒவ்வொன்றுக்கும் தனி அரசியலமைப்பு, தனிக் குற்றவியல் சட்டம், தனி நீதிமன்றங்கள். கொலை, திருட்டு போன்ற சாதாரணக் குற்றங்கள் பெரும்பாலும் மாநில நீதிமன்றத்தில்தான் விசாரிக்கப்படுகின்றன. ஒரே செயலுக்காக மாநிலமும் ஃபெடரல் அரசும் தனித்தனியே வழக்குத் தொடரலாம். அது இரட்டைத் தண்டனைக்கு எதிரான விதியை மீறாது என்று 2019இல்கூட உச்ச நீதிமன்றம் மறுபடி உறுதிசெய்தது.

பில் ஆஃப் ரைட்ஸ் எனப்படும் முதல் 10 திருத்தங்கள் 1791 டிசம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தன. அன்றிலிருந்தே எல்லா அமெரிக்கர்களுக்கும் எல்லா அரசுகளிடமிருந்தும் அவை பாதுகாப்பு தந்தன என்று மாணவர்கள் எழுதுவதுதான் நான் அதிகம் திருத்தும் வரி. உண்மை வேறு. பால்டிமோர் நகராட்சியின் வேலைகளால் தன் படகுத்துறை மணல் மேடிட்டுப் பயனற்றுப் போனது என்று நஷ்டஈடு கேட்ட ஒரு துறை உரிமையாளரிடம், நஷ்டஈடு தராமல் சொத்தை எடுக்கக் கூடாது என்னும் 5ஆம் திருத்தம் ஃபெடரல் அரசை மட்டுமே கட்டும், உங்கள் நகரத்தை அல்ல என்று 1833இல் தலைமை நீதிபதி மார்ஷல் சொல்லிவிட்டார். உள்நாட்டுப் போருக்குப் பிறகு 1868இல் 14ஆம் திருத்தம் வந்தது. சட்டத்தின் முறையான நடைமுறை இன்றி எந்த மாநிலமும் யாருடைய உயிரையோ சுதந்திரத்தையோ சொத்தையோ பறிக்கக் கூடாது என்று அதில் ஒரு வரி உண்டு. அந்த வரியின் வழியாகத்தான், ஒவ்வொரு வழக்காக, பழைய உரிமைகள் மாநிலங்களுக்கும் நீட்டிக்கப்பட்டன.

இதை விதியாகப் படித்தால் மனதில் ஒட்டாது. கிளாரன்ஸ் ஏர்ல் கிடியனின் கதையோடு படித்தால் மறக்காது. 1961இல் ஃபுளோரிடாவின் பனாமா சிட்டியில் பூல் விளையாட்டுக் கூடம் ஒன்றை உடைத்து உள்ளே புகுந்ததாக அவர் மீது வழக்கு. கையில் காசில்லை. நீதிமன்றத்தில் எழுந்து, எனக்கு வக்கீல் வேண்டும் என்று கேட்டார். மரண தண்டனைக்குரிய குற்றம் என்றால் மட்டுமே வக்கீல் அமர்த்த முடியும் என்றார் நீதிபதி. வக்கீல் வைத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டென்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்கிறதே என்று கிடியன் வாதிட்டார். அன்றைய சட்டப்படி நீதிபதி சொன்னதுதான் சரி. 6ஆம் திருத்தத்தில் வக்கீல் உரிமை 170 ஆண்டுகளாக இருந்தது. ஃபெடரல் நீதிமன்றத்தில் ஏழைக்கு வக்கீல் கிடைத்திருக்கும். மாநில நீதிமன்றத்துக்கோ அந்தக் கட்டாயம் இல்லை என்று 1942இல் ஒரு தீர்ப்பு இருந்தது. கிடியன் தனக்காகத் தானே வாதாடித் தோற்று, 5 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

சிறையிலிருந்து, சிறைக் காகிதத்தில், பென்சிலால் உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதினார். நீதிமன்றம் அதை ஏற்று, ஏப் ஃபோர்டஸ் என்ற பெரிய வக்கீலை அவருக்காக நியமித்தது. 1963 மார்ச் 18 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள்: கடுங்குற்ற வழக்கில் வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு மாநிலம் வக்கீல் தர வேண்டும். அதே ஆண்டு மறுவிசாரணையில், இம்முறை வக்கீலோடு, ஜூரி (குடிமக்கள் அடங்கிய நடுவர் குழு) அவரை விடுதலை செய்தது. சட்டப் புத்தகத்தில் எழுதியிருப்பதும் ஒரு மனிதர் கையில் வந்து சேர்வதும் எவ்வளவு தள்ளி இருக்க முடியும் என்று இந்த வழக்கைப் போல வேறெதுவும் எனக்குக் காட்டியதில்லை.

துப்பாக்கி உரிமை மாநிலங்களைக் கட்டும் என்று 2010இல்தான் முடிவானது. அளவுக்கு மீறிய அபராதம் கூடாது என்பது 2019இல். கடுங்குற்ற வழக்குத் தொடரலாமா என்று முதலில் முடிவுசெய்யும் கிராண்ட் ஜூரி பற்றிய விதியும் சிவில் வழக்கில் ஜூரி கேட்கும் உரிமையும் இன்றுவரை மாநிலங்களைக் கட்டவில்லை. எனவே விடையில் உரிமையின் பெயரோடு, மாநிலம் சம்பந்தப்பட்டால் 14ஆம் திருத்தத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஆசிரியர்கள் தேடுவது அதைத்தான்.

இந்தியப் பாடத்தை அங்கே கொண்டுபோவது

இந்தியாவில் குடிமையியல் படித்துவிட்டு அங்கே போகும் பிள்ளைகளுக்கும், அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோருக்கும் இது தனிச் சிக்கல். நமக்குத் தெரிந்த ஆளுநர் டெல்லியால் நியமிக்கப்படுபவர். அமெரிக்க ஆளுநரை மாநில மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் முதலமைச்சர் செய்யும் வேலைதான் அவருடையது. அதிபரால் அவரை நீக்க முடியாது. இங்கே அமைச்சராக இருக்க நாடாளுமன்ற உறுப்பினராக வேண்டும். அங்கே அமைச்சரவையில் இருப்பவர் காங்கிரஸ் உறுப்பினராக இருக்கவே கூடாது. 2009இல் ஹிலாரி கிளின்டன் வெளியுறவுத் துறைக்குப் போகும் முன் செனட் (காங்கிரஸின் மேலவை) பதவியை விட்டது அதனால்தான். நம்பிக்கையில்லாத் தீர்மானம் அங்கே கிடையாது, சபையைக் கலைத்து முன்கூட்டித் தேர்தல் வைப்பதும் கிடையாது.

‘இம்பீச்’ ஆனால் அதிபர் பதவி போய்விட்டது என்று நினைப்பதும் இதே வகை. காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டுவது மட்டுமே இம்பீச்மென்ட். செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைத்தால்தான் பதவி போகும். ஆண்ட்ரூ ஜான்சன் 1868இல் ஒரே ஒரு வாக்கில் தப்பினார். பில் கிளின்டனும், இருமுறை இம்பீச் செய்யப்பட்ட ட்ரம்பும் செனட்டில் தண்டிக்கப்படவில்லை. நிக்சன் இம்பீச் செய்யப்பட்டார் என்று எழுதாதீர்கள். சபை வாக்களிக்கும் முன்பே 1974 ஆகஸ்டில் அவர் ராஜினாமா செய்துவிட்டார்.

பேச்சுரிமையில்தான் இந்தக் குழப்பம் ஆழமாகப் போகிறது. இந்திய அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு பேச்சுரிமையைத் தந்துவிட்டு, பொது ஒழுங்கு, கண்ணியம், அவதூறு என்று நியாயமான கட்டுப்பாடுகளையும் பட்டியலிடுகிறது. அமெரிக்க முதல் திருத்தத்தில் அப்படி ஒரு பட்டியல் இல்லை. அதைப் பார்த்து ‘எதையும் பேசலாம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். ‘வெறுப்புப் பேச்சுக்கு இடமில்லை’ என்று வேறு சிலர். இரண்டும் தவறு. உண்மையான மிரட்டல், அவதூறு, ஆபாசம் போன்ற சில வகைகளுக்குப் பாதுகாப்பு இல்லை. ஆனால் வெறுப்புப் பேச்சு என்று தனி விதிவிலக்கு கிடையாது. உடனடியாகச் சட்டவிரோதச் செயலைத் தூண்டும் நோக்கமும், அது நடக்கும் வாய்ப்பும் இருந்தால்தான் தண்டிக்கலாம் என்று 1969இல் பிராண்டன்பர்க் தீர்ப்பு வகுத்த விதிதான் இன்றும் நிற்கிறது. அந்த வழக்கில் பேசியவர் கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளையின வெறி அமைப்பின் தலைவர். இதைச் சரியென்று ஏற்காத மாணவர்கள் உண்டு; ஏற்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால், தன் விருப்பத்தைச் சட்டமாக எழுதிவிடக் கூடாது.

நிரம்பிய தியேட்டரில் ‘தீ’ என்று கத்தக் கூடாது என்ற வாக்கியத்தையும் எல்லாக் கட்டுரைகளிலும் பார்க்கலாம். அது 1919இல் நீதிபதி ஹோம்ஸ் சொன்ன உவமை. அந்த வழக்கில் தியேட்டரும் இல்லை, தீயும் இல்லை. கட்டாய ராணுவச் சேவையை எதிர்த்துத் துண்டறிக்கை அனுப்பியவரின் சிறைத் தண்டனையை அந்தத் தீர்ப்பு உறுதிசெய்தது. இன்றைய விதியாக அதை எடுத்துக்காட்டாதீர்கள்.

பள்ளியில், போலீஸிடம்

அரசுப் பள்ளி என்பது அரசு. ஆகவே மாணவருக்கும் முதல் திருத்தம் உண்டு. தேசியக் கொடிக்கு வணக்கம் செலுத்தியே ஆக வேண்டும் என்று பள்ளி கட்டாயப்படுத்தலாம் என 1940இல் சொன்ன நீதிமன்றம், மூன்றே ஆண்டுகளில், உலகப் போரின் நடுவில், அதை மாற்றிக்கொண்டது. வியட்நாம் போரில் இறந்தவர்களுக்காக அயோவாவில் மாணவர்கள் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு வந்ததும், பள்ளி அவர்களை இடைநீக்கம் செய்ததும் 1965இல். 1969இல் மாணவர்கள் வென்றார்கள். அவர்களில் ஒருவரான மேரி பெத் டிங்கருக்குப் பட்டை கட்டிய நாளில் வயது 13. அந்தத் தீர்ப்பை எழுதியவர், கிடியனுக்காக வாதாடிய அதே ஃபோர்டஸ். அப்போது அவர் நீதிபதி. ஆனால் இந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டுப் பள்ளியில் எதுவும் செய்யலாம் என்று நினைப்பது தவறு. பாடம் நடப்பதைப் பெரிதும் குலைக்கும் பேச்சைப் பள்ளி தடுக்கலாம். மாணவரின் பையைச் சோதிக்க வாரன்ட் வேண்டாம், நியாயமான சந்தேகம் போதும் என்று 1985இல் தீர்ப்பு உண்டு. தனியார் பள்ளிக்கு இவை எதுவும் பொருந்தாது.

போலீஸ் விஷயத்தில் சினிமாவும் தொடர்களும் கெடுத்துவைத்திருக்கின்றன. கைது செய்த உடனே ‘மௌனமாக இருக்க உங்களுக்கு உரிமை உண்டு’ என்று சொல்லாவிட்டால் வழக்கே ரத்தாகிவிடும் என்று நம்புகிறார்கள். மிராண்டா எச்சரிக்கை எனப்படும் இந்த வாசகம் தேவைப்படுவது, ஒருவரைக் காவலில் வைத்து விசாரிக்கும்போது. சொல்லாமல் விட்டால், அவர் கொடுத்த வாக்குமூலத்தை அவருக்கு எதிரான நேரடிச் சான்றாகப் பயன்படுத்த முடியாது. வேறு சாட்சியம் இருந்தால் வழக்கு நடக்கும். 1966இல் உச்ச நீதிமன்றத்தில் வென்ற மிராண்டாவே மறுவிசாரணையில் மீண்டும் தண்டிக்கப்பட்டார்.

இன்னொன்று, விசாவில் இருக்கும் நம் குடும்பங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது: இந்த உரிமைகள் குடிமக்களுக்கு மட்டும் என்று நினைப்பது தவறு. வாக்குரிமைத் திருத்தங்கள் குடிமக்களைப் பற்றிப் பேசுகின்றன. ஆனால் முறையான நடைமுறையும் சட்டத்தின் சமமான பாதுகாப்பும் ‘எந்த நபருக்கும்’ உரியவை. சான் ஃபிரான்சிஸ்கோவில் மரக் கட்டடத்தில் சலவைக்கடை நடத்த அனுமதி கேட்ட சுமார் 200 சீனர்களுக்கு மறுத்துவிட்டு, சீனரல்லாத சுமார் 80 பேருக்குக் கொடுத்தார்கள். சட்டத்தின் வாசகத்தில் இனம் என்ற பேச்சே இல்லை. நடத்திய விதத்தில் இருந்தது. குடியுரிமை இல்லாத அந்தச் சலவைக்காரர்கள் 1886இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள்.

எங்கே எழுதியிருக்கிறது, இன்னும் செல்லுமா?

‘உயிர், சுதந்திரம், மகிழ்ச்சியைத் தேடுதல்’ என்பது 1776 சுதந்திரப் பிரகடனத்தில் இருப்பது. அரசியலமைப்பில் இருப்பது ‘உயிர், சுதந்திரம், சொத்து’. மதத்துக்கும் அரசுக்கும் இடையிலான ‘பிரிக்கும் சுவர்’ அரசியலமைப்பில் இல்லை. 1802இல் அப்போதைய அதிபர் ஜெஃபர்சன் எழுதிய ஒரு கடிதத்தில் இருக்கிறது. சட்டங்களை ரத்துசெய்யும் நீதிமன்ற அதிகாரமும் வெளிப்படையாக எழுதப்படவில்லை. 1803இல் மார்பரி வழக்கில் நிலைநாட்டப்பட்டது.

தீர்ப்புகளை எடுத்தாளும்போது பெரும்பான்மைத் தீர்ப்பா, மாறுபட்ட கருத்தா என்று பாருங்கள். அரசியலமைப்பு நிறம் பார்ப்பதில்லை என்று ஹார்லன் எழுதிய புகழ்பெற்ற வரி 1896 பிளெஸி வழக்கில் வருகிறது. அதைத் தீர்ப்பாகவே எழுதிவிடுகிறார்கள். தீர்ப்பு அதற்கு நேர் எதிர்: ரயிலில் இனவாரியாகத் தனிப் பெட்டி ஒதுக்கலாம் என்றது. தனித்தனிப் பள்ளிகள் கூடாது என்று நீதிமன்றம் சொல்ல 1954 வரை ஆனது. பழைய பாடநூல் வைத்திருப்பவர்கள் ரோ எதிர் வேட் வழக்கையும் கவனிக்க வேண்டும். கருக்கலைப்பு அரசியலமைப்பு உரிமை என்று 1973இல் சொன்ன அந்தத் தீர்ப்பை 2022 ஜூன் 24 அன்று டாப்ஸ் தீர்ப்பு ரத்துசெய்தது. அதற்கு முன் அச்சான புத்தகத்தில் அது இன்னும் நடப்புச் சட்டமாகவே இருக்கும்.